லேபிளா, ஜிப்பா, தையலா: பழைய துணியின் வயதை யாரிடம் கேட்பது?

சேம்பிள் செக்‌ஷன் மேசைக்கு அந்தக் கவுன் வந்தபோது கழுத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. ‘1950கள், அமெரிக்கா’ என்று பேனாவில் எழுதி, கீழே டாலரில் விலை. வெளிநாட்டு டிசைனர் ஒருவர் எங்கேயோ பழைய துணிக்கடையில் வாங்கி, இதே மாதிரி செய்து கொடுங்கள் என்று எங்கள் திருப்பூர் கம்பெனியில் விட்டுப்போனது. பச்சைக் கட்டம் போட்ட பருத்தித் துணி, இடுப்பில் சுருக்கம், முதுகில் மெட்டல் ஜிப்.

மெர்ச்சன்டைசர் பெண் ஜிப்பைப் பார்த்ததுமே “ஐம்பதுகள்தான் சார், மெட்டல் போட்டிருக்காங்க” என்று முடித்துவிட்டார். நான் லேபிளைத் தேடினேன். பேட்டர்ன் மாஸ்டர் இரண்டையும் சட்டை செய்யவில்லை. கவுனை உள்பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தையலைத் தடவிக்கொண்டிருந்தார். பழைய துணியின் வயதைக் கண்டுபிடிக்க உள்ள மூன்று வழிகளுக்கும் அன்று ஆளுக்கொரு வக்கீல் அமைந்துவிட்டோம்.

முதலில் என் கட்சி. அமெரிக்கத் துணியில் லேபிளுக்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் கிடையாது. காரணம், அங்கே லேபிளைக் கம்பெனி மட்டும் எழுதவில்லை. சட்டமும் தொழிற்சங்கமும் சேர்ந்து எழுதின. பெண்கள் உடைத் தொழிலாளர்களுக்கு 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய ஐஎல்ஜிடபிள்யூயூ என்ற சங்கம், தன் ஆட்கள் தைத்த உடைகளில் ஒரு சின்னத் துணிச் சீட்டை வைத்துத் தைக்கச் செய்தது. அந்தச் சீட்டின் வடிவம் அவ்வப்போது மாறியது. ஏஎஃப்எல், சிஐஓ என்ற இரண்டு பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இணைந்தது 1955இல். ஆகவே சீட்டில் இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் துணி அதற்கு முந்தையது இல்லை. சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறம் வந்தது 1974இல். 1995இல் சங்கம் இன்னொன்றோடு இணைந்து பெயரே மாறிவிட்டது. 

அடுத்தது ஆர்என் எண். அமெரிக்க அரசு உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்கும் தரும் பதிவு எண் அது. 1959இலிருந்து 13670 தொடங்கி வரிசையாக ஏறிக்கொண்டு போகிறது. பழைய துணிக்காரர்கள் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: எண்ணிலிருந்து 13670ஐக் கழித்து, 2635ஆல் வகுத்து, 1959ஐக் கூட்டு. எண் 40020 என்றால் ஏறக்குறைய 1969. ஆனால் இது அந்தக் கம்பெனி எண் வாங்கிய வருடம். துணி தைத்த வருடம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். 1969இல் வாங்கிய எண்ணை 1990இலும் அச்சடித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது வாஷ் கேர் லேபிள். துவைக்கும் முறையைத் துணியிலேயே நிரந்தரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1972 ஜூலையில் அமலுக்கு வந்தது. எழுத்தில்லாமல் வெறும் குறிகளை மட்டும் போட அனுமதித்தது 1997இல். வாளி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டிப் படம் மட்டும் போட்டு ‘அமெரிக்க எழுபதுகள்’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நாட்டுப் பெயரும் உதவும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் பொறித்த ப்ரூச்சோ ஸ்கார்ஃபோ கிடைத்தால், போர் முடிந்த 1945க்கும் ஆக்கிரமிப்பு முடிந்த 1952க்கும் நடுவில் அதை உட்கார வைத்துவிடலாம்.

இனி ஜிப். மெட்டல் என்றால் பழசு, நைலான் என்றால் புதுசு என்பதுதான் ஊரெல்லாம் சொல்லும் கணக்கு. பாதிதான் உண்மை. நைலான் சுருள் ஜிப் கடைச் சரக்காகப் பரவியது 1960களில். ஆகவே ‘நாற்பதுகளின் கவுன்’ ஒன்றில் நைலான் ஜிப் இருந்தால், ஒன்று கவுன் பிந்தியது, இல்லை ஜிப் மாற்றியது. அந்தத் திசையில் ஜிப் நல்ல சாட்சி. மறுதிசையில் பயனில்லை. நைலான் வந்த அன்றே மெட்டலை யாரும் குப்பையில் கொட்டவில்லை. எங்கள் ஸ்டோர் ரூமிலேயே எந்தக் காலத்து ஆர்டருக்கோ வாங்கி மீந்த ஜிப் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எந்த ஊர் முதலாளியும் மீந்த சரக்கை ஓட்டத்தான் பார்ப்பார். ஜிப் எதில் செய்தது என்பதைவிட எங்கே வைத்தது என்பது கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். 1930, 40களின் கவுன்களில் பெரும்பாலும் இடது பக்கத் தையலில் ஜிப் இருக்கும். முதுகுக்கு நடுவில் வைப்பது பிறகுதான் பரவலானது. ஆனால் இதுவும் வழக்கம்தான், சட்டம் இல்லை.

மாஸ்டரின் கட்சி தையல். “லேபிளை ஒட்டலாம், ஜிப்பை மாத்தலாம். ஊசி போன ஓட்டையை மறைக்க முடியுமா தம்பி?” என்பார். முடியாதுதான். ஜிப்பைப் பிரித்துப் புதிதாக வைத்திருந்தால் பக்கத்திலேயே பழைய ஊசித் துளைகள் இன்னொரு வரிசையாக நிற்கும். துணி வெளுத்திருந்தாலும் அந்தக் கோடு மட்டும் பழைய நிறத்தில் பளிச்சென்று இருக்கும். நூலையும் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு துணுக்கு நூலை எடுத்துக் கொளுத்தினால் பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மிளகு மாதிரி கெட்டியாகிவிடும். முழுக்கப் பாலியஸ்டர் நூலில் தைத்த துணியை 1940கள் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கள்ளநோட்டு பார்க்கும் யுவி டார்ச் அடித்து, நூல் நீலமாக மின்னினால் புதுசு என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் அதை விட்டுவிட்டேன். இன்றைய சோப்புத்தூளில் ஒரு தடவை துவைத்தாலே பாட்டி காலத்துப் பருத்தியும் மின்னும்.

தையலுக்கும் வழுக்குகிற இடங்கள் உண்டு. துணி ஓரம் பிரியாமல் நூல் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் அடித்திருந்தால் புதுசு என்பது ஒன்று. அமெரிக்காவில் ஓவர்லாக் மெஷின் 1880களிலேயே வந்துவிட்டது. இன்னொன்று டி-சர்ட்டுக்காரர்களின் வேதவாக்கு: கையிலும் கீழ் மடிப்பிலும் ஒற்றைத் தையல் இருந்தால் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முந்தையது. அமெரிக்க டி-சர்ட்டுகள் அந்தச் சமயத்தில்தான் பெருமளவில் இரட்டை ஊசிக்கு மாறின என்பது சரி. ஆனால் ஒற்றைத் தையல் மெஷினை எவரும் கடலில் போடவில்லையே! பழைய லுக் வேண்டும், கீழ் மடிப்பு ஒற்றையாக வேண்டும், வாஷிங்கில் வெளுத்துத் தர வேண்டும் என்று கேட்டு எங்களுக்கே ஆர்டர் வந்திருக்கிறது. தைத்து அனுப்பினோம். படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும் காப்புரிமை வருடமும் இப்படித்தான். அது படத்தின் வயது, பனியனுடையது இல்லை.

மூன்று சாட்சியும் ஒரே மாதிரி வழுக்குவதைக் கவனித்திருப்பீர்கள். புதிதாக ஒன்று வந்த தேதியைக் கணக்காகச் சொல்லலாம். பழையது எப்போது ஒழிந்தது என்று சொல்ல முடியாது. இதற்கு லீவைஸ் ஜீன்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை. பின் பாக்கெட்டின் சிவப்புப் பட்டியில் கம்பெனிப் பெயரின் இரண்டாவது எழுத்து 1971 வரை பெரிய ‘ஈ’, பிறகு சின்னது. இந்த ஒரு எழுத்துக்காக விலை பல மடங்கு ஏறும். சின்ன எழுத்தென்றால் 1971க்குப் பிந்தையது என்பது கெட்டியான முடிவு. பெரிய எழுத்தென்றால்? கம்பெனியே தன் பழைய மாடல்களை ‘விண்டேஜ் குளோதிங்’ என்ற பெயரில் திரும்பத் தைத்து விற்றது; பெரிய எழுத்து, பாக்கெட்டுக்குள் மறைந்த ரிவெட், கரை போட்ட டெனிம் எல்லாவற்றோடும். மேல் பட்டனின் பின்புறத்தைப் பாருங்கள். 555 என்று அடித்திருந்தால் அது சான்பிரான்சிஸ்கோவில் 2002இல் மூடிய வாலன்சியா தெருத் தொழிற்சாலையின் எண். இந்தத் திரும்பத் தைத்த ஜீன்ஸ்கள் பலவற்றில் அந்த எண் இருக்கும். பாக்கெட்டில் பட்டி 1960களைக் காட்டும். பட்டனோ தொண்ணூறுகளின் கடைசியைக் காட்டும். பட்டன் பக்கம்தான் நான் நிற்பேன்.

நகை, பை பக்கம் போனால் நிலைமை வேறு. பிரிட்டிஷ் வெள்ளிக் கஃப்லிங்கில் முத்திரை இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. எந்த ஊர் சோதனைக்கூடம் என்பதற்கு ஒரு குறி (பர்மிங்ஹாமுக்கு நங்கூரம்), எந்த வருடம் என்பதற்கு ஓர் எழுத்து. 1975க்கு முன் ஊருக்கு ஊர் எழுத்து வரிசை வேறு என்பதால் ஊர்க்குறியை முதலில் பார்க்க வேண்டும். 1999க்குப் பிறகு வருட எழுத்து கட்டாயமில்லை. துணிக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் எங்கள் மூவருக்கும் அன்று வேலையே இருந்திருக்காது. கைப்பைகளில் தேதிக் குறியீடு போடுகிற பெரிய கம்பெனிகள் உண்டு. போலி செய்கிறவர்களும் அதை ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள் என்பதால் அதைத் தனியாக நம்பமாட்டேன்.

கவுனுக்கு வருவோம். இடது பக்கத் தையலுக்குள் சங்கச் சீட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று நிறம். 1974க்கு முன் இருக்க வழியில்லை. “சீட்டைப் பின்னால யாராவது வச்சுத் தைச்சிருந்தா?” என்றார் மெர்ச்சன்டைசர். நியாயமான கேள்வி. மதிப்புள்ள லேபிளை மலிவுத் துணியில் மாற்றி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பதில் சொன்னது மாஸ்டர். சீட்டின் ஓரம் ஓவர்லாக் தையலுக்கு அடியில் சிக்கியிருந்தது; தையலைப் பிரிக்காமல் அதை உள்ளே நுழைக்க முடியாது, பிரித்ததற்கான துளை ஒன்றுகூட இல்லை. ஜிப்பையும் பார்த்தார். ஒரே வரிசைத் துளை. ஜிப்பும் அசல்தான், மீந்த மெட்டல் ஜிப். பிறகு சீட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நகத்தால் நிமிண்டினார். தையலுக்குள்ளிருந்து அரை சென்டிமீட்டர் வெள்ளை நாடா எட்டிப் பார்த்தது. கத்தரியால் நேராக வெட்டிய நாடா. வாஷ் கேர் லேபிளின் அடிக்கட்டை!

குத்துகிறது என்று போட்டவரே வெட்டினாரா, ஐம்பதுகள் என்று சொல்லி விற்க யாரோ வெட்டினார்களா, தெரியாது. நான் லேபிள்தான் ஜெயித்தது என்றேன். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “லேபிள் பேசுச்சுங்க தம்பி. அது பொய் சொல்லலைன்னு சொன்னது யாரு?”

சரிதான். இப்போது நான் துணியைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்புகிறேன். தேதிக்கு லேபிள், லேபிளுக்கு ஜாமீன் தையல். ஜிப் மூன்றாவது, மற்ற இரண்டும் இல்லாதபோது மட்டும்.

டிசைனருக்கு மெயில் போட்டோம். எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தையது இல்லை என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம், கொடுத்த காசு அப்படி. ஆனாலும் ஆர்டர் வந்தது. மெட்டல் ஜிப்தான் வேண்டும், நூல் பருத்தியாகவே இருக்கட்டும் என்றார். வாஷ் கேர் லேபிளில் மாதமும் வருடமும் அச்சடித்து, இடது பக்கத் தையலில் வைத்து அனுப்பினோம். முதல் சேம்பிளைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்ன ஒரே குறை, லேபிள் இடுப்பில் குத்துகிறது.