‘சர்ச் வேலையை நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் பங்கைச் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட கத்தோலிக்கர் சமூகம்) சேர்ந்த அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம்தான இருக்கு? ஓலை வாசிக்கவே காணோமே, வேற பங்குல வச்சிருக்கீங்களா?”

ஓலை என்றால் கல்யாணத்துக்கு முன் கோயிலில் எல்லார் முன்னும் வாசிக்கும் திருமண அறிவிப்பு. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால், என் தங்கை செல்லாத ஒரு திருமணத்தைச் செய்துகொண்டிருப்பாள்.

நாங்கள் கத்தோலிக்கர். மாப்பிள்ளை புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். இரண்டு வீட்டிலும் அலைவதற்கு ஆள் இல்லாததால் மண்டபம், அலங்காரம், புகைப்படம் எல்லாவற்றையும் ஓர் ஏற்பாட்டாளரிடம் ஒப்படைத்தோம். அதுவரை தவறில்லை. “சர்ச் பேப்பர் வேலையையும் என்கிட்டயே விட்டுடுங்கக்கா, எல்லா ஃபாதரையும் எனக்குத் தெரியும்” என்று அவர் சொன்னபோது சரி என்றேனே, அதுதான் தவறு. அதற்கென்று தனியாக முன்பணமும் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் கோயிலில் தேதி போட்டாயிற்று என்றார். கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் (பிஷப்) அனுமதிக் கடிதம் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். ஓலைக்கு விலக்கு வாங்கிவிட்டதாகச் சொன்னார். காலையில் எங்கள் கோயிலில் திருப்பலியோடு (பூசை) திருமணம், மாலையில் மாப்பிள்ளையின் சபையில் இன்னொரு முறை வாக்குறுதி என்று நிகழ்ச்சி நிரலே அச்சாகி வந்தது. இரு வீட்டாரும் மகிழ்ந்துபோனோம். எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒரு திட்டம் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதே என்று அன்றே யோசித்திருக்க வேண்டும்.

அத்தை கேட்டதற்கு மறுநாள் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பங்குத்தந்தையே பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அந்தத் தேதியில், அதே நேரத்தில், வேறொரு ஜோடியின் பெயர் இருந்தது. ஆயரின் கடிதத்தை நீட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். “நான் விண்ணப்பம் அனுப்பவே இல்லையேம்மா, இது எப்படி வரும்?” என்றார். முத்திரை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியது.

ஏற்பாட்டாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் பதறவே இல்லை. “உங்க ஃபாதர் முரண்டு பிடிப்பார்னு தெரியும்கா. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஃபாதர் மண்டபத்துக்கே வந்து நடத்தி வைப்பார்” என்றார்.

இதைக் கேட்டதும் பங்குத்தந்தை சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்கத் திருமணம் செல்லுபடியாக, குருப்பட்டம் பெற்ற ஒருவர் வந்து நின்றால் மட்டும் போதாது. அந்தப் பங்கின் தந்தையோ ஆயரோ, அல்லது அவர்களிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள டீக்கன்) இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நடத்த வேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1108-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வெளியிலிருந்து வருபவர் உண்மையான குருவாகவே இருந்தாலும், அந்த அதிகாரம் இல்லையென்றால் திருமணம் செல்லாது. பணம் போனால் போகட்டும். திருவருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) என்று நம்பி என் தங்கை பீடத்தின் முன் நின்றிருப்பாள், ஆனால் அங்கே எதுவும் நடந்திருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மாலையில் இரண்டாவது வாக்குறுதி என்று ஏற்பாட்டாளர் சொன்னாரே, அதற்கும் இடமில்லை. ஒரே திருமணத்துக்கு இரண்டு முறை சம்மதம் பெறும் சமயச் சடங்கைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. எங்கள் கோயிலிலேயே நடக்கும் வழிபாட்டில் மாப்பிள்ளையின் போதகர் கலந்துகொண்டு ஜெபிக்கலாம், ஆசி கூறலாம். இருவரில் ஒருவர் கத்தோலிக்கர் அல்லாதவர் என்றால் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல், பைபிள் வாசகங்களும் ஜெபமும் கொண்ட வார்த்தை வழிபாட்டோடுதான் திருமணம் நடக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இன்னொரு விஷயம் திருமுழுக்குச் (ஞானஸ்நானம்) சான்றிதழ். வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய தாளை வாங்கிக்கொண்டு “இது போதும்” என்றிருந்தார் ஏற்பாட்டாளர். போதாது. ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் அதைக் குறித்துவைப்பார்கள். அதனால்தான் அண்மையில் எடுத்த சான்றிதழ் கேட்கிறார்கள், பெரும்பாலும் 6 மாதத்துக்குள் எடுத்தது. பழைய தாளைப் போதும் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஓலையும் அப்படித்தான். 1215-இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் திருமண அறிவிப்பைப் பொது விதியாக்கியதே மறைவான திருமணங்களைத் தடுக்கத்தான். ஊரறியச் சொன்னால் தடை இருப்பதை யாராவது எடுத்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டு ஓலை வாசிக்கப்படாததைக் கவனித்ததும் சபையில் உட்கார்ந்திருந்த ஒருவர்தானே.

தேதி இரண்டு மாதம் தள்ளிப்போனது. பங்குத்தந்தை இருவரையும் தயாரிப்பு வகுப்புக்கு அனுப்பி, முறைப்படி அனுமதி வாங்கித் தந்தார். போதகர் வந்து ஜெபித்தார். ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு காசுகூடத் திரும்பவில்லை. அவர் கொடுத்த ரசீதில் ‘ஒருங்கிணைப்புக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கிறது, கோயில் என்ற சொல்லே இல்லை. நான் கையெழுத்துப் போடும்போது அதைப் படித்திருந்தேன், கேட்கக் கூச்சப்பட்டேன்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே மணமக்கள் இருவரும் நேரில் பங்குத்தந்தையைப் பார்த்துவிடுங்கள், பதிவேட்டில் பெயர் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். அந்தப் போலிக் கடிதம் இப்போது எங்கள் பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்தில் இருக்கிறது. இடைத்தரகர் யாராவது உங்களிடம் இதுபோல் ஒரு தாள் கொடுத்திருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு நாளைக்கே உங்கள் பங்கு அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள்.