நுரையீரல் எடுத்தவருக்கு ஒற்றை எக்ஸ்ரேயை நம்பி வீடு திரும்பாதீர்கள்

புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக எடுத்தவர் வீட்டில் இருந்தால், மருத்துவமனையில் கொடுத்த காகிதங்களோடு எக்ஸ்ரே படங்கள் பதிந்த சிடி வட்டும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது கையில் இல்லாததால் இங்கே சிங்கப்பூரில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறோம்.

வலப்பக்க நுரையீரல் எடுக்கப்பட்டவர், அறுபதைத் தாண்டியவர். ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரத்தில் இருமல் கூடியது. வந்தது கெட்டிச் சளி இல்லை. தண்ணீர் மாதிரி, லேசான பழுப்பு நிறத்தில், வாய் நிறைய வந்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பொங்கியது, நிமிர்ந்து உட்கார்ந்தால் அடங்கியது. வீட்டுக்கு அருகிலிருந்த மருந்தகம் (கிளினிக்) தனியார் எக்ஸ்ரே மையம் ஒன்றுக்கு அனுப்பியது. வலது நெஞ்சில் காற்றும் நீரும் இருக்கின்றன, இந்த ஆபரேஷனுக்குப் பின் எதிர்பார்க்கக்கூடியதே என்று அங்கே ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள். இருமல் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்றாம் நாள் மூச்சுத் திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது, மிச்சமிருந்த ஒரே நுரையீரலிலும் நிமோனியா.

ரிப்போர்ட்டில் எழுதியது சொல்லுக்குச் சொல் சரிதான். காற்றும் நீரும் இருந்தன. ஆனால் டிஸ்சார்ஜ் நாளில் எடுத்த படத்தில் நீர்மட்டம் பின்பக்க நாலாவது விலா எலும்பை ஒட்டி இருந்தது. இந்தப் படத்தில் ஆறாவதுக்கு இறங்கியிருந்தது. பழைய படத்தை யாரும் கேட்கவில்லை, யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மருந்தகம் அனுப்பிய சீட்டிலும் ஆபரேஷன் நடந்த தேதி இல்லை, சளியின் தன்மை இல்லை. 'இருமல்' என்று ஒரே சொல்.

நுரையீரல் இருந்த இடம் முதலில் காற்றறையாக இருக்கும். பிறகு நீர் ஊறி, மட்டம் நாளுக்கு நாள் மேலே ஏறும். முதல் வாரத்திலேயே பாதிக்கு மேல் நிரம்புவது வழக்கம். முழுவதும் நிரம்பிப் படத்தில் அந்தப் பக்கமே வெள்ளையாகத் தெரிய, ஆளுக்கு ஆள் சில வாரங்களோ பல மாதங்களோ ஆகலாம். கூடவே மூச்சுக்குழாயும் இதயமும் எடுத்த பக்கம் நோக்கி மெல்ல நகரும். ஏறிய மட்டம் 2 செமீ அளவுக்கு இறங்கினாலோ, வெள்ளையாகிவிட்ட பக்கத்தில் புதிதாகக் காற்று தெரிந்தாலோ, நுரையீரலை எடுத்த இடத்தில் தைத்து மூடிய மூச்சுக்குழாய்க் கிளையின் முனை விட்டுப்போயிருக்கலாம். அந்த ஓட்டை வழியாக நீர் நல்ல நுரையீரலுக்குள் ஒழுகும். வலப்பக்க ஆபரேஷனில் இது அதிகம். இடப்பக்க முனை பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும், வலப்பக்க முனைக்கு அந்தப் போர்வை கிடையாது.

மூச்சுக்குழாய் நல்ல பக்கம் நோக்கித் தள்ளப்பட்டிருந்தால் அதுவும் ஆபத்துதான். உள்ளே சீழோ ரத்தமோ நிணநீரோ அழுத்தத்தோடு சேர்கிறது, அல்லது காற்று அடைபடுகிறது என்று பொருள்.

படம் எடுக்கும் விதத்திலும் ஏமாறலாம். படுக்க வைத்து எடுத்தால் நீர் முதுகுப் பக்கம் பரவிவிடும், மட்டமே தெரியாது. உடம்பு சற்றுத் திரும்பியிருந்தாலும் மூச்சுக்குழாய் நகர்ந்ததுபோலத் தெரியும். அதனால் நிற்க வைத்தோ, முடியாதவரை நேராக உட்கார வைத்தோ எடுக்கச் சொல்லுங்கள். முந்தைய படத்தைப் போலவே எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

மாதங்கள் கழித்து, பக்கம் முழுவதும் வெள்ளையான பிறகு, எக்ஸ்ரேயை வைத்துப் புற்றுநோய் திரும்பவில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெள்ளைக்குள் கட்டி மறைந்துவிடும். படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய சிடி ஸ்கேன்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீர் நிரம்பிய அறையின் நடுநெஞ்சுப் பக்கத்து ஓரம் உள்வாங்கி இருந்தது வெளியே புடைத்தால், சீழா கட்டியா என்று தேட வேண்டும்.

எந்த மையத்துக்குப் போனாலும் பழைய படங்கள் கணினியில் தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள். மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் கேட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு சிடி வட்டில் தருவார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்களே வேண்டும். சீட்டில் எந்தப் பக்கம், எந்தத் தேதியில் ஆபரேஷன், சளி எப்படி வருகிறது என்று எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். ரிப்போர்ட்டில் "இன்ன தேதிப் படத்தோடு ஒப்பிடப்பட்டது" என்ற வரி இல்லையென்றால், அங்கிருந்து கிளம்பாமல் கேளுங்கள். இந்தக் குடும்பம் பின்னால் பழைய படத்தைக் கொடுத்தபோது, "மட்டம் குறைந்துள்ளது" என்று அந்த மையம் திருத்தக் குறிப்பு ஒன்று சேர்த்தது. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. அதற்குள் நோயாளியின் நெஞ்சில் குழாய் போட்டாகிவிட்டது.

தண்ணீர்ச் சளி திடீரென்று கூடினால் எக்ஸ்ரே மையம் தேடி அலைய வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுத்தே ஆகவேண்டுமென்றால் ஆபரேஷன் செய்த பக்கம் கீழே இருக்கட்டும், நல்ல நுரையீரல் மேலே. வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, எந்தப் பக்க நுரையீரல் எடுக்கப்பட்டது என்பது.