வெளிப்பூச்சுச் சுவரோடு பல வருடம்: தண்ணீர், விரிசல், ஒட்டுப்பூச்சு

செங்கல் கட்டி, சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்த வெளிச்சுவர்கள்தான் எங்கள் வீட்டில். இத்தனை வருடம் பராமரித்துப் பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். பூச்சு தானாகக் கெடுவது அபூர்வம், அதைத் தண்ணீர்தான் கெடுக்கிறது. எந்தப் பழுதைத் தொட்டுத் தேடிப் போனாலும், பெரும்பாலும் அதற்கு மேலேயோ அடியிலோ ஓர் இடத்தில் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கும். அதை அடைக்காமல் பழுதை மட்டும் பூசினால் அடுத்த மழையில் அதே இடம் மறுபடி உரியும்.

இந்தப் பூச்சில் எனக்கு மிகவும் பிடித்தது, கெட்டுப்போன துண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சரிசெய்ய முடிவது. முழுச் சுவரையும் இடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சின்ன வேலையைத் தள்ளிப்போட்டால் பெரிய வேலையாகிவிடும்.

மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்ததும் வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவேன். ஒரு பென்சில், ஒரு சின்னச் சுத்தியல், அவ்வளவுதான். சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சு 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். சுவரை விட்டுப் பிரிந்த இடத்தில் 'டொப்' என்று சத்தம் மாறும். வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே பிரிந்திருப்பதை இந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் மாறும் எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டு, தேதியும் எழுதிவிடுவேன். உள்ளங்கை அளவு இடம் அப்படியே நின்றால் விட்டுவிடலாம். வட்டத்தைத் தாண்டி வளர்ந்தாலோ, ஆள் நடக்கும் இடத்துக்கு மேலே இருந்தாலோ தட்டி எடுத்துவிட வேண்டும். பெரிய பத்தை பெயர்ந்து விழுந்தால் மண்டை உடைந்துவிடும்.

விரிசல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. வலைபோலப் பரவிய மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். கலவையில் சிமெண்ட் கூடினாலோ, பூசியது வெயிலில் சீக்கிரம் காய்ந்தாலோ அப்படி வரும். நல்ல வெளிப்புற பெயிண்ட் இரண்டு கோட் அடித்தாலே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலும், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் விரிசலும் வேறு வகை. கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரே அளவில் விரிவதும் சுருங்குவதும் இல்லை. அதனால் அந்த இடம் அசைந்துகொண்டே இருக்கும். அங்கே சிமெண்ட்டை அடைத்தால் நிற்காது. விரிசலைக் கொஞ்சம் அகலமாகக் கீறி, தூசியைத் துடைத்துவிட்டு, இழுபடும் தன்மையுள்ள அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் சீலண்ட் (விரிசலை அடைக்கும் பசை) அடைப்பதே சரி. சாதாரண சிலிக்கான் சீலண்ட் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. தூண் ஓரத்தில் விரிசல் பெரிதாக இருந்தால், இரண்டு பக்கமும் பூச்சை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். நிரந்தரமாக நிற்பது அதுதான்.

இரண்டு அடையாளங்களை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். செங்கல் இணைப்பை ஒட்டிப் படிக்கட்டுபோல ஏறும் விரிசல் அகலமாகிக்கொண்டே போனால், அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் உத்திரம்), சன்ஷேடு (ஜன்னலுக்கு மேலே வெளியே நீட்டிய கான்கிரீட் பலகை) ஓரமாகப் பழுப்புக் கறையோடு விரிசல் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துப் பூச்சைத் தள்ளிவிடும். கம்பியைச் சுத்தம் செய்து துருத்தடுப்பு பூசாமல் மேலே கலவை அப்புவது வீண்.

இனி ஒட்டுப்பூச்சு. வேலையில் பாதி, பூசுவதற்கு முன்பே இருக்கிறது. பிரிந்த பூச்சைக் கெட்டியான இடம் வரும்வரை எடுத்துவிட வேண்டும். ஓரத்தை மழுங்கலாக விடாமல், நேராக, முடிந்தால் உள்பக்கம் சற்று அகலும்படி வெட்டினால் புதுப்பூச்சு நன்றாகக் கவ்விக்கொள்ளும். தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, முதல் நாளே சுவரை நனைத்து, பூசும் நேரத்தில் மறுபடி நனைக்க வேண்டும். சுவர் ஈரமாக இருக்கலாம், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. காய்ந்த செங்கல்லில் பூசினால் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும், பூச்சு பொருபொருத்துப் போகும்.

கலவைக்கு ஒரு பங்கு சிமெண்ட், நாலைந்து பங்கு சலித்த மணல் போதும். சிமெண்ட் கூடினால் உறுதியும் கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். புது ஒட்டு பழைய பூச்சைவிடக் கடினமாகிச் சுருங்கி, ஓரத்தைச் சுற்றி விரிசல் விடுவதுதான் நடக்கும். குழி ஆழமாக இருந்தால் இரண்டு கோட்டாகப் பூச வேண்டும். முதல் கோட்டைக் கீறிவிட்டு, இறுகிய பிறகு மறுநாள் அடுத்தது. இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதை அனுமதிக்காதீர்கள். அப்புறம் ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட்டு நனைத்துவர வேண்டும். கொத்தனார் போன பிறகு நாம் செய்ய வேண்டிய வேலை இது. ஒட்டு நிற்பதும் விழுவதும் இதில்தான் இருக்கிறது.

பழைய சுண்ணாம்புப் பூச்சுள்ள வீடு என்றால் சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போடுங்கள். சிமெண்ட் ஒட்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து, சுற்றியிருக்கும் நல்ல சுண்ணாம்பையும் உதிர வைத்துவிடும்.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் வரும் வழியைத் தேடுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பு உள்பக்கம், மாடித் தளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, சன்ஷேடு அடியில் தண்ணீர் சொட்டி விழக் குழி வெட்டியிருக்கிறதா, மழைநீர்க் குழாய் இணைப்பு கசிகிறதா, தோட்டத்து மண் பூச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். மண்ணுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டதிலேயே எங்கள் அடிச்சுவரின் ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) பெருமளவு குறைந்தது.

பாசியை அகற்ற, நீர்த்த பிளீச்சும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பிளீச்சோடு அமிலம் எதையும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். வேகமாகப் பீய்ச்சும் கழுவும் மெஷினை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அது விரிசலுக்குள்ளும் தண்ணீரைச் செலுத்திவிடும்.

பெயிண்ட்டில் என் அனுபவம் இரண்டு விதம். மழை நேராக அடிக்கும் மேற்சுவரில் எலாஸ்டோமெரிக் (ரப்பர்போல இழுபடும்) பெயிண்ட் அருமையாக நிற்கிறது, மயிரிழை விரிசல்களின்மேல் கிழியாமல் இழுபடுகிறது. கீழே ஓதம் ஏறும் சுவரில் அதே பெயிண்ட் கொப்பளித்துத் தோலாக உரிகிறது, ஈரம் வெளியேற வழியில்லை. அங்கே ஆவியை வெளியே விடும் சிலிகேட் பெயிண்டோ சிமெண்ட் பெயிண்டோ போடுங்கள்.

புதுப்பூச்சில் பெயிண்ட்டைக் கெடுக்கும் காரத்தன்மை அதிகம். வழக்கமான பெயிண்ட் என்றால் 28 நாள் பொறுத்து, காரத்தைத் தாங்கும் ப்ரைமர் அடித்து ஆரம்பிப்பது நல்லது. அடிக்கும்போது ஒட்டை மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், வெயிலில் வெளிறிய பழைய நிறத்தோடு அது சேராது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அந்தச் சுவர் முழுவதும் அடித்துவிடுங்கள்.