‘உடனடி பூட்லோடர் அன்லாக்’ என்று 3,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: ஷாவ்மி, ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்கள் படிக்கவும்

பூட்லோடரை, அதாவது போன் எந்த மென்பொருளோடு தொடங்கலாம் என்று தீர்மானிக்கும் பூட்டை, உடனே திறந்து தருவதாக ஒரு மெசேஜிங் செயலிக் குழுவில் விளம்பரம் போட்டவனிடம் 3,500 ரூபாய் போய்விட்டது. போனும் செங்கல்லாகக் கிடக்கிறது. இன்று காலையில்தான் அந்த ஆள் என்னை பிளாக் செய்தான். அதே விளம்பரம் அந்த மெசேஜிங் செயலிக் குழுவில் இப்போதும் பின் செய்யப்பட்டிருக்கிறது, கீழே ஆட்கள் ‘இன்ட்ரெஸ்டட் ப்ரோ’ என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஆறப்போடாமல் எழுதுகிறேன். என்ன நடந்தது, அது தொழில்நுட்பப்படி ஏன் நடக்கவே முடியாத வாக்குறுதி, நீங்கள் எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

குழுவின் பெயரைப் போடவில்லை. பூட்லோடர், ரூட் (போனின் முழுக் கட்டுப்பாடு), கஸ்டம் ரோம் (மாற்று இயங்குதளம்) என்று பேசும் குழு, ‘பெய்டு சர்வீஸ்’ என்று தனிப் பிரிவு, அதில் அட்மின் பட்டத்தோடு நாலைந்து பேர். இந்த வகைக் குழு எல்லாமே ஒரே அச்சு. பெயர் மாறும், வேலை மாறாது.

போன் போக்கோ எக்ஸ்5 ப்ரோ. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 778ஜி சிப். ஷாவ்மியின் பழைய மென்பொருளான மியூஐ-யிலிருந்து புதிய ஹைப்பர் ஓஎஸ்-க்கு அப்டேட் ஆனது. இங்கேதான் வியாபாரமே தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மியூஐ காலத்தில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘எம்ஐ அன்லாக் ஸ்டேட்டஸ்’ போய்க் கணக்கைச் சேர்த்து, பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருந்து, கணினியில் அன்லாக் டூலை ஓட்டினால் வேலை முடிந்தது. ஹைப்பர் ஓஎஸ் வந்தபின் அதற்கு முன்னால் இன்னொரு கதவு வைத்தார்கள். ஷாவ்மி கம்யூனிட்டி செயலியில் வட்டாரத்தை குளோபல் என்று வைத்து அன்லாக் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குத்தான் அனுமதி. அந்த ஒதுக்கீடு பெய்ஜிங் நள்ளிரவில், அதாவது நம் நேரம் இரவு 9:30-க்குப் புதுப்பிக்கப்படும், கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். அனுமதி இல்லாமல் அன்லாக் ஸ்டேட்டஸில் கணக்கைச் சேர்க்கப் போனால், முதலில் கம்யூனிட்டியில் விண்ணப்பித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும்.

இரவு இரவாக 9:30-க்கு அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்தி வெறுத்துப்போனவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். விளம்பரம் இப்படி: ‘ஹைப்பர் ஓஎஸ் இன்ஸ்டன்ட் அன்லாக். நோ வெயிட்டிங். அப்ரூவ்டு அக்கவுன்ட் நாங்களே தருவோம். ரிமோட்டில் பத்து நிமிடம். 3,500 மட்டும். ரூட் இலவசம்.’

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தெல்லாம் இல்லை, அது யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவன் பேசிய பேச்சு. பணம் கேட்பதற்கு முன்பே ரிமோட்டில் வந்து, போனை ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து போனுக்கு நேரடியாகக் கட்டளையிடும் நிலை) போடச் சொல்லி, ‘கெட்வேர் ஆன்டி’ ஓட்டி, பழைய மென்பொருளுக்குத் திரும்பவிடாத ஆன்டி ரோல்பேக் எண்ணைப் பார்த்தான். ‘ஓஇஎம் டிவைஸ்-இன்ஃபோ’ ஓட்டி லாக் நிலையைக் காட்டினான். டிரைவர் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றச் சொன்னான். எல்லாம் சரியான கேள்வி, சரியான வரிசை. பிறகு, ‘ப்ரோ, மீடியாடெக் போனா இருந்தா நீங்களே பண்ணிக்கலாம், காசு வாங்க மாட்டேன். இது குவால்காம், அதனாலதான் அக்கவுன்ட் வேணும்’ என்றான். இந்த ஒரு வரிதான் 3,500 ரூபாயை யூபிஐ-யில் தட்டவைத்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஹீலியோ ஜி90டி போன்ற பழைய மீடியாடெக் சிப்களில் பூட்ரோம் (சிப்பிலேயே பதிந்த தொடக்க நிரல்) ஓட்டை வழியாக எம்டிகே-கிளையன்ட் என்ற இலவசக் கருவியால் திறக்க முடியும். உண்மையான தகவலோடு பொய்யைக் கலந்து தருபவனை அடையாளம் காண்பது கஷ்டம்.

பணம் போனதும் அடுத்த படி. ‘உங்க ஷாவ்மி கணக்கை லாக்அவுட் பண்ணுங்க. இந்த மொபைல் நம்பர் போட்டு உள்ள போங்க, ஓடிபி நான் அனுப்புறேன்.’ கடவுச்சொல் இல்லை, ஓடிபி மட்டும். இதுதான் பொறி, மற்றதெல்லாம் அலங்காரம்.

ஓடிபி-யில் உள்ளே போய்விடலாம். ஆனால் தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் டிவைஸ்’ வசதி இயங்கும் போனில் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வரக் கடவுச்சொல் வேண்டும். அது அவனிடம் மட்டும் இருக்கிறது. அடுத்தவன் பூட்டை நம் வீட்டுக் கதவில் நம் கையாலேயே மாட்டவைத்து, சாவியை அவன் பையில் போட்டுக்கொள்வது போன்ற வேலை. அவன் கணக்கு உள்ளே இருக்கும் வரை கிளவுடிலிருந்து அந்தப் போனைப் பூட்டவும் முழுதாக அழிக்கவும் அவனால் முடியும்.

அனுமதி பெற்ற கணக்கு என்பது உண்மைதான். அன்லாக் ஸ்டேட்டஸில் ‘சேர்க்கப்பட்டது’ என்று வந்தது. கணினியில் அவன் கொடுத்த அன்லாக் டூலை ஓட்டினான். ஜிப் கோப்பு, பாஸ்வேர்ட் போட்டது, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டுமாம். டூல் என்ன சொன்னது? இன்னும் இத்தனை மணி நேரம் கழித்து வா, மறுபடி கணக்கைச் சேர்க்காதே, சேர்த்தால் முதலிலிருந்து எண்ணப்படும். சாதாரணமாக எல்லாருக்கும் வரும் அதே செய்தி. ‘நோ வெயிட்டிங்’ என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் ரிமோட்டைத் துண்டித்துவிட்டான்.

இது ஏன் நடக்கவே முடியாது என்று சொல்கிறேன். அன்லாக் டூல் போனிடமிருந்து ஒரு டோக்கனை வாங்கி ஷாவ்மி சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் கணக்கையும் போனையும் சேர்த்துப் பார்த்து, நேரம் முடிந்திருந்தால் மட்டும் கையொப்பமிட்ட தரவைத் திருப்பி அனுப்பும். பூட்லோடர் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்துத்தான் திறக்கும். காத்திருப்பு உங்கள் கணினியில் இல்லை, டூலிலும் இல்லை. எந்த மாற்றப்பட்ட டூலாலும் அந்த மணிக்கணக்கைக் குறைக்க முடியாது. குவால்காமில் இடிஎல் 9008 என்ற அவசரப் பதிவிறக்க நிலை வழியே போகிறேன் என்றால் அதற்கும் அங்கீகாரம் பெற்ற சேவைக் கணக்கு வேண்டும், மேலும் அது ரோமை ஃப்ளாஷ் செய்வதற்கான, அதாவது போனில் ஏற்றுவதற்கான பாதை. பூட்லோடர் கையொப்பத்துக்கு மாற்று அல்ல.

அதன்பின் தட்டிக்கழிப்பு. முதலில் ‘சர்வர் டவுன் ப்ரோ, நைட்டு பாக்கலாம்.’ பிறகு ‘சைனாவுல ஹாலிடே.’ பிறகு ‘டிக்கெட் போட்டிருக்கேன், டென்ஷன் ஆகாதீங்க.’ 3,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. ‘அக்கவுன்ட் குடுத்துட்டேன்ல, சர்வீஸ் முடிஞ்சுது.’ குழுவின் இன்னொரு அட்மினிடம் போனால், ‘அது அவங்க பர்சனல் டீல், குழு பொறுப்பில்லை, ரூல்ஸ் படிங்க.’ ரூல்ஸில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது. அதே குழுவில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘வெரிஃபைடு செல்லர்’ என்று போட்டு வைத்திருப்பதும் இவர்கள்தான்! குழுவில் பொதுவாக எழுதியதும் என் செய்தி அழிக்கப்பட்டது, நானும் வெளியேற்றப்பட்டேன். செயலியின் புகார் பொத்தானை அழுத்தினால் ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற தானியங்கிப் பதில், அவ்வளவுதான். வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள்.

காத்திருப்பு நேரம் முடிவதற்கு முன்பே போன் தானாக மறுதொடக்கமாகி, எல்லாம் அழிந்து, ‘இந்தக் கருவி பூட்டப்பட்டுள்ளது’ என்ற திரையில் நின்றது. சில நிமிடங்களில் புதிய எண்ணிலிருந்து செய்தி: ‘அன்லாக் பண்ண 2,000.’ அதாவது 3,500 வாங்கியது அன்லாக் செய்வதற்காக அல்ல, பூட்டுவதற்காக. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடுத்தது 3,000 கேட்பான், கணக்கு அவன் கையில்தானே இருக்கிறது.

ரிக்கவரியில் வைப் டேட்டா போட்டு எல்லாவற்றையும் அழித்தால் தீருமே என்று கேட்பீர்கள். தீராது. அது கணக்குப் பூட்டு, இணையம் கிடைத்ததும் சர்வரைக் கேட்டு மறுபடி அதே திரைக்கு வரும். பூட்லோடர் லாக் ஆகியிருப்பதால் ஃபாஸ்ட்பூட்டில் எதையும் ஃப்ளாஷ் செய்யவும் முடியாது. இடிஎல் நிலைக்குப் போக வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி டெஸ்ட் பாயின்ட்டைத் தொட வேண்டும், அங்கீகாரக் கணக்குக்கு மறுபடி இதே மாதிரி ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும், ரோம் ஏறினாலும் கணக்குப் பூட்டு நிற்கும். ‘பைபாஸ்’ என்று விற்பவர்கள் பெரும்பாலும் இணையத்தைத் தடுத்துச் சில நாள் ஓட்டுகிறார்கள், அப்டேட் வந்ததும் திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

அந்த ‘இலவச ரூட்’ கோப்பையும் பிரித்துப் பார்த்தேன். மேஜிஸ்க் என்ற ரூட் கருவியின் மேஜிஸ்க்பூட்டில் அன்பேக் செய்தால் ஓஎஸ் பதிப்பும் பேட்ச் தேதியும் காட்டும். என் போனில் ஆண்ட்ராய்டு 14, அவன் அனுப்பியது ஆண்ட்ராய்டு 13 காலத்துப் பூட் இமேஜ் (போன் தொடங்கும்போது ஏறும் கெர்னல் கோப்பு). பூட்லோடர் திறந்திருந்து இதை ஃப்ளாஷ் செய்திருந்தால் கெர்னலும் வென்டர் மாட்யூல்களும் ஒத்துப்போகாமல் வைஃபையோ டச்சோ செத்திருக்கும், இல்லையென்றால் போன் முழுதாக எழாமல் திரும்பத் திரும்பத் தொடங்கும் பூட்லூப். அடுத்தவர் பேட்ச் செய்த பூட் இமேஜை ஒருபோதும் ஏற்றாதீர்கள். உங்கள் போனில் ஓடும் அதே பதிப்பு ரோமை இறக்கி, அதிலிருக்கும் பேலோட் கோப்பிலிருந்து பூட் இமேஜை எடுத்து, மேஜிஸ்க் செயலியிலேயே பேட்ச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளியான போன்களில் அது இனிட்-பூட் இமேஜ். பேட்ச் செய்யாத அசல் கோப்பைக் கணினியில் வைத்திருங்கள், பூட்லூப் வந்தால் அதைத் திருப்பி ஏற்றினாலே பெரும்பாலும் மீண்டுவிடும்.

1930-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், சைபர் கிரைம் இணையதளத்திலும். யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன யூபிஐ முகவரி, உரையாடல் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கேட்கிறார்கள். பணம் பல கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு, ஆகவே ‘நைட்டு பாக்கலாம்’ என்பதைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அவன் உரையாடலை இரண்டு பக்கமும் அழிக்க முடியும், அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

அடுத்தவர் ஷாவ்மி கணக்கை, அது சாமி கணக்காக இருந்தாலும், உங்கள் போனில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், இந்த நொடியே சிம்மைக் கழற்றி வைஃபையை அணைத்து, படங்களையும் தொடர்புகளையும் யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு இழுத்துவிடுங்கள்.

9:30-க்குக் கிடைக்கவில்லையா, நாளை 9:30-க்கு முயலுங்கள். அனுமதி இலவசம், டூல் இலவசம். கணக்கைச் சேர்க்கும்போது வைஃபையை அணைத்து சிம் டேட்டாவில் சேருங்கள். பிறகு நேரம் முடியும்வரை அந்தக் கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி எதையாவது ஓட்டவைத்திருந்தால், அந்தக் கணினியின் பிரவுசரில் சேமித்த எல்லாக் கடவுச்சொல்லையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கி முதலில்.

ஷாவ்மி ஃப்ளாஷ் டூலில் கீழே வலது மூலையில் ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ (எல்லாம் அழித்து மறுபடி பூட்டு) தேர்வாகி இருக்கும். அதைப் பார்க்காமல் ஃப்ளாஷ் பொத்தானை அழுத்தாதீர்கள். சீன போனில் குளோபல் ரோமோடு லாக் ஆனால் போன் எழாது, அதற்கு மறுபடி இந்தக் கும்பலிடம்தான் போக வேண்டியிருக்கும்.

திறந்த பிறகு முதல் வேலை ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), சிக்னல் போன்ற தரவு இருக்கும் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் பார்ட்டிஷன்களை நகலெடுத்துக் கணினியில் வைப்பது. யாராவது ‘என் பேக்கப்பை ஏற்றிக்கோ’ என்றால் வேண்டாம், ஐஎம்இஐ கெட்டுவிடும். வேறொரு ஐஎம்இஐ எழுதித் தருகிறேன் என்பவனிடம் இன்னும் வேண்டாம், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது சிறைக்குப் போகும் குற்றம்.

போன் வாங்கிய பில்லையும் பெட்டியையும் தூக்கிப்போடாதீர்கள், போன் உங்களுடையது என்று காட்ட வேறு எதுவும் இருக்காது.

அந்தக் குழு எது என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள். ‘அப்ரூவ்டு அக்கவுன்ட்’, ‘நோ வெயிட்டிங்’, ‘ஓடிபி நான் அனுப்புறேன்’ இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். 3,500 ரூபாய்க்குப் பதில் எனக்கு வந்தது இன்னொரு 2,000 கேட்கும் செய்தி மட்டும்தான்.