ஒஸ்லோவிலிருந்து லாங்யியர்பியன்: நேராகப் போவதா, டிராம்சோ வழியாகவா?

நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்யியர்பியன், பொதுமக்களுக்கான வழக்கமான விமான சேவை உள்ள நிலையங்களில் உலகிலேயே வடகோடியில் இருப்பது. ஒஸ்லோவிலிருந்து அங்கே நிற்காமலும் பறக்கலாம், வட நார்வேயில் உள்ள டிராம்சோ நகரில் இறங்கி ஏறியும் போகலாம்.

வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்து நீட்டிவிடும். அதில் டிராம்சோ - லாங்யியர்பியன் பகுதிதான் ஒஸ்லோ - டிராம்சோவைவிட நீளமாகத் தெரியும். உண்மை நேர்மாறானது. ஒஸ்லோ - டிராம்சோ சுமார் 1,115 கி.மீ.; அங்கிருந்து லாங்யியர்பியன் சுமார் 960 கி.மீ. மொத்தம் 2,075. நேர்வழி சுமார் 2,015. டிராம்சோ ஏறக்குறைய வழியிலேயே இருப்பதால், சுற்றிப் போகிற தூரம் 60 கி.மீ.தான், பறக்கும் வேகத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஆனால் பயண நேரம் அப்படி இல்லை. நேர் விமானம் ஏறக்குறைய 3 மணி நேரத்தில் போய்விடும். டிராம்சோ வழியில் முதல் கட்டம் 1 மணி 50 நிமிடம், இரண்டாவது 1 மணி 40 நிமிடம், நடுவே தரையில் ஒரு மணி நேரம் என்று வைத்தால் நாலரை மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, கீழிறங்குவது எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பறப்பிலும் அரைமணியை விழுங்கும். அதை இரண்டு முறை கொடுக்கிறீர்கள். குளிர்காலத்தில் இறக்கைப் பனியை அகற்றும் வேலையும் இரண்டு முறை.

தரையில் போகும் அந்த ஒரு மணிக்குக் காரணம் பாஸ்போர்ட். ஸ்வால்பார்ட் நார்வேக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது நார்வே உட்படத் தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்கு, வெளியே உள்ளது. அதனால் டிராம்சோவில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து, மீண்டும் ஏற வேண்டும். நேர் விமானத்தில் அந்தச் சோதனை ஒஸ்லோவிலேயே முடிந்துவிடும்; அங்கே சீக்கிரம் போய்விடுங்கள்.

நேரமே முக்கியம் என்றால் நேர் விமானம்தான் சரி, சந்தேகமே வேண்டாம். டிராம்சோ வழி யாருக்குப் பொருந்தும்? துருவ ஒளி பார்க்க அங்கே ஓரிரு இரவு தங்குபவர்களுக்கு. இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, அதே நாளில் இணைக்கப் பார்ப்பதுதான் மோசமான தேர்வு: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண், அடுத்த விமானம் பெரும்பாலும் மறுநாள்தான்.

மூடுபனியில் இரண்டு வழிக்கும் ஒரே கதி. இறங்க முடியாவிட்டால் விமானம் கடல் தாண்டிப் பெருநிலத்துக்கே திரும்பும். தீவுக்குச் சாலையோ ரயிலோ கிடையாது. படகுச் சுற்றுலா முன்பதிவு செய்திருந்தால், வந்து சேரும் நாளிலேயே அதை வைக்காதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எந்த வழியில் போனாலும் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா கேளுங்கள். தீவுக்குள் போக விசா தேவையில்லை. ஆனால் ஒருமுறை நுழைவு விசாவோடு போனால், திரும்பி வர நார்வேக்குள் நுழைய முடியாது.