கொடைக்கானலில் சைக்கிள் டூர் புக் பண்ணப் போகிறீர்களா? ‘எல்லாம் இறக்கம்தாண்ணே’ என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

ஏரியைச் சுற்றி மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. அவர்கள் பாட்டுக்கு ஓட்டட்டும், அதில் பெரிதாக ஏமாற ஒன்றுமில்லை. ‘ஏரியும் மலைக்கிராமமும், ஒரு நாள் சைக்கிள் பயணம்’ என்று செல்போனில் விளம்பரம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்பப் போகிறவர்கள் மட்டும் படியுங்கள். போன மாதம் நான் குடும்பத்தோடு போய் வகையாக மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தது மகள். தலைக்கு 1,800 ரூபாய். 21 கியர் சைக்கிள், ஹெல்மெட், கூடவே ஒரு வழிகாட்டி, மதியச் சாப்பாடு. காலையில் ஏரியை ஒரு சுற்று, அப்புறம் பூம்பாறை என்கிற மலைக்கிராமம். நான் போன் போட்டு முதலில் கேட்டதே இதைத்தான்: “தம்பி, எனக்கு வயசு அம்பத்தி மூணு. முட்டி வேற தகராறு. மலை ஏத்தமெல்லாம் மிதிக்க முடியாது.”

“அண்ணே, பூம்பாறை வரைக்கும் எல்லாம் இறக்கம்தாண்ணே. நீங்க மிதிக்கவே வேணாம், சும்மா உக்காந்தாப் போதும்.”

“திரும்பி வர்றதுக்கு?”

“ஜீப் இருக்குண்ணே.”

மூன்று பேருக்கு 5,400. பாதியை அன்றைக்கே ஜிபேயில் போட்டுவிட்டேன். வாட்ஸப்பில் விவரம் அனுப்பினார்கள். அதில் ‘திரும்ப ஜீப் வசதி உண்டு’ என்று ஒரு வரி. அந்த ‘வசதி உண்டு’ என்பதை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் பேங்கில் வேலை பார்த்தவன். அடுத்தவர் கடன் பத்திரத்தில் கமா விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பேன். என் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டேன்.

இ-பாஸ் எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து காரில் போனோம் (2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம், மறந்துவிடாதீர்கள்). எட்டு மணிக்கு வரச்சொன்னவர்கள் பத்துக்குக் கால்மணி இருக்கும்போதுதான் ஷட்டரைத் தூக்கினார்கள். மீதி 2,700 கட்டினதும் அடுத்த கேள்வி, “ஐடி ஒரிஜினல் ஒண்ணு குடுங்க சார்.” போனில் அண்ணனாக இருந்தவன் நேரில் சாராகிவிட்டேன். ஜெராக்ஸ் தருகிறேன் என்றேன். “எல்லாரும் குடுக்குறதுதான் சார், சைக்கிள் இருபதாயிரம் சார்.” டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்தேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

ஏரிச்சுற்று அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை கரை போட்டு உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு கிடப்பதால் ஐந்து கிலோமீட்டர் சுற்றிலும் திருப்பத்துக்குத் திருப்பம் தண்ணீர் வேறு மாதிரி தெரியும். அவ்வளவும் சமதளம். என் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சைக்கிளில் ஏறினாள். “என்னங்க, மறக்கவே இல்லைங்க” என்று ஒரே சிரிப்பு. சமதளத்தில் எந்தச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். கோளாறு தெரியாது.

பிறகு சைக்கிள்களை ஜீப்பில் ஏற்றி, அப்சர்வேட்டரி தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார்கள். 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த அதே ஆய்வகம். மகளுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தேன், ஹெல்மெட்டோடு போராடிக்கொண்டிருந்தவள் காதில் விழவில்லை. மூன்று பேருக்கு இரண்டு ஹெல்மெட். அதில் ஒன்றில் நாடாவை மாட்டுகிற கொக்கி இல்லை. வழிகாட்டி என்று வந்த பையனுக்குச் சைக்கிளே இல்லை. “நீங்க முன்னாடி போங்க சார், நான் ஜீப்ல பின்னாடியே வர்றேன்” என்றான். அதற்கப்புறம் அவனைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

இறக்கம் ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே என் சைக்கிளில் ரப்பர் கருகுகிற வாடை. பின்பிரேக் லீவரை இழுத்தால் ஹாண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது, சக்கரம் பாட்டுக்கு ஓடுகிறது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். பிரேக் கட்டையில் ரப்பர் என்று ஒன்று இருந்த அடையாளம்தான் இருந்தது. காடு நிழல் விழுகிற வளைவுகளில் ரோடு மதியம் வரை காய்வதில்லை, பாசி வேறு. முன்பிரேக்கை மட்டும் நம்பி ஈரத்தில் பிடித்தால் குப்புற விழ வேண்டியதுதான். மகள் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துக் காலை ஊன்றி நிறுத்தப் பார்த்து, ஓரத்து ஜல்லியில் சரிந்தாள். முட்டி சிராய்ப்போடு போனது. அதன்பிறகு பாதி தூரம் மூன்று பேரும் தள்ளிக்கொண்டுதான் போனோம். இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பூம்பாறை அழகான ஊர். படிப்படியாக வயல், கேரட், உருளை, பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இந்தப் பக்கத்துச் சரக்குதான். குழந்தை வேலப்பர் கோயில் சிலையைப் போகர் செய்தது என்பார்கள். எதையும் ரசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. மதியச் சாப்பாடு என்றது ஆளுக்கொரு பொட்டலம் லெமன் சாதம், அதுவும் நாங்களே போன் போட்டுக் கேட்ட பிறகு, ‘பக்கத்துக் கடையில் சொல்லியிருக்கிறோம், வாங்கிக்கோங்க.’

மூன்று மணிக்குக் கடைக்குப் போன் போட்டு ஜீப் கேட்டேன்.

“ஜீப் மூவாயிரம் ஆகும் சார்.”

“பேக்கேஜ்ல சேர்த்தின்னுதானே சொன்னீங்க?”

“வசதி உண்டுன்னுதான் சார் போட்டிருக்கோம். வேணாம்னா மிதிச்சு வந்துருங்க.”

இவர்கள் தொழிலின் சூட்சுமமே இந்த இடம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொடைக்கானலிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். வந்த இறக்கம் முழுக்க இப்போது ஏற்றம். பஸ் இருக்கிறது, ஆனால் மூன்று சைக்கிளை யார் ஏற்றுவார்கள்? விட்டுவிட்டுப் போனால் லைசென்ஸ் அவர்கள் கையில், நான் திருச்சி வரைக்கும் கார் ஓட்டியாக வேண்டும். சரி, மிதித்துத்தான் பார்ப்போமே என்று கியரைக் குறைத்தேன், குறையவில்லை. குனிந்து பார்த்தால், பெடல் பக்கத்து கியரைப் பெரிய பல்சக்கரத்திலேயே வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மூன்று சைக்கிளிலும் அதே கம்பி, அதே முறுக்கு. ஏற்றத்துக்கு வேண்டியது அந்தச் சின்னப் பல்சக்கரம்தான், அது இல்லாவிட்டால் 21 கியர் வெறும் ஏழு, அந்த ஏழும் ஏற்றத்துக்கு உதவாது. ஒரு சைக்கிள் என்றால் ரிப்பேர் என்று விட்டுவிடலாம். மூன்றும் ஒரே மாதிரி என்றால் என்ன சொல்வது?

டீக்கடையில் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பூண்டுக்கார அண்ணன் ஒருவர், “என் குட்டியானை வண்டி கொடைக்கானலுக்குத்தான் போகுது, ஏறுங்க” என்றார். மூட்டைகளுக்கு மேலே சைக்கிள், மனைவியும் மகளும் முன்னால், நான் பின்னால் மூட்டையோடு மூட்டையாக. ஐந்நூறு கொடுத்ததற்கு நானூறு போதும் என்று நூறைத் திருப்பிக் கொடுத்தார்.

கடையில் இன்னொரு படலம். மகள் ஓட்டிய சைக்கிளில் ரிம் கோட்டம், 2,500. தாமதத்துக்கு 900. அந்தக் கோட்டம் காலையிலேயே இருந்ததா, தெரியாது. நான் பார்க்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. லைசென்ஸ் மேஜை டிராயருக்குள். கட்டிவிட்டு வந்தேன்.

போகத்தான் போவீர்கள், எனக்குத் தெரியும். அதனால் கேளுங்கள். திரும்பி வருவதற்கு என்ன, எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கோடு எழுத்தில் வாங்குங்கள். சைக்கிளைக் கையில் வாங்கினதும் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் பிடியுங்கள், டக்கென்று நிற்க வேண்டும். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள். ரிம், பிரேக், சீட் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரிஜினல் அடையாள அட்டை கொடுக்கவே கொடுக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் பிரிண்ட் போதும், வேண்டுமானால் டெபாசிட் பணம் கொடுங்கள்.

ஊர் திரும்பியதும் நுகர்வோர் ஹெல்ப்லைன் எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தொகை ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. இந்த இரண்டு விவரத்தையும் வாட்ஸப்பில் அவர்களுக்கே அனுப்பினேன், கூடவே அந்தக் கட்டுக்கம்பி போட்டோ மூன்றையும். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஜிபேயில் 3,400 ரூபாய் வந்து விழுந்தது, ரிம்முக்கும் தாமதத்துக்கும் வாங்கின அதே தொகை. கீழே ஒரு கும்பிடு எமோஜி. 5,400-ஐப் பற்றிப் பேச்சில்லை. வழக்குக்கான பேப்பர்களை மகள்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள்.