ஆம்ப்புக்குத் தனி லைனா, சர்வோவா, ஆன்லைன் யூபிஎஸ்ஸா?

பாட்டு கேட்கும் நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் கரண்டில் வந்து நிற்கும். என் ஆம்ப்புக்காக, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்காக, நான் யோசித்தவை மூன்று: சர்வோ ஸ்டெபிலைசர், ஆன்லைன் யூபிஎஸ், மெயின் போர்டிலிருந்து தனி லைன். போட்டது தனி லைன். கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

முதலில் வோல்டேஜ். 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், சாதாரண டிரான்ஸ்பார்மர் வைத்த கிளாஸ் ஏபி வகை ஆம்ப்பின் உச்ச பவர் ஏறக்குறைய கால்வாசி குறையும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் காதுக்கு அது 1.2 டெசிபல்தான். அதுவும் சத்தத்தை எல்லை வரை ஏற்றினால்தான் தெரியும். எஸ்எம்பிஎஸ் என்ற மின்னணு பவர் சப்ளை வைத்த கிளாஸ் டி வகை ஆம்ப்புகள் பலவற்றுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆக, வோல்டேஜ் பெரும்பாலும் பொருளின் ஆயுளைப் பற்றிய கவலை.

சர்வோ அந்தக் கவலையை நன்றாகவே தீர்க்கும். ஆனால் உள்ளே ஒரு மோட்டார் கார்பன் பிரஷ்ஷை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. பிரஷ் தேயும், சர்வீஸ் பார்க்க வேண்டும். ராத்திரி தனி வீணை கேட்கும்போது மூலையில் அந்த மோட்டார் முனகுவதை என்னால் பொறுக்க முடியாது. ஸ்பீக்கரில் வரும் ஹம் என்ற உறுமலுக்கும் அது மருந்தில்லை.

ஆன்லைன் யூபிஎஸ் ஏசியை டிசியாக்கி, மறுபடி சுத்தமான சைன் அலையாகத் தருகிறது. காகிதத்தில் இதுதான் முதலிடம். ஆனால் அதன் விசிறி ஓயாமல் ஓடும். சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரிச் செலவும் உண்டு. இதே மாதிரி கரண்டைப் புதிதாக உருவாக்கித் தரும் விலையுயர்ந்த ஆடியோ ரீஜெனரேட்டர்களை நண்பர் வீட்டில் கொஞ்ச நேரம் கேட்டதோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தனி லைன் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதற்கென்று ஒரு எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), ஆம்ப், டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் பெட்டி), டிவி எல்லாம் ஒரே போர்டில். முன்பு ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் ட்வீட்டரில், அதாவது ஸ்பீக்கரில் கீச்சொலிகளைத் தரும் பகுதியில், சன்னமாக ஒரு 'ஜ்ஜ்' கேட்கும். அது அடங்கிவிட்டது. லைன் இழுக்கும்போது எலெக்ட்ரீசியன் மெயின் போர்டில் நியூட்ரல் வயர்கள் சேரும் நியூட்ரல் பாரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்று லூசாக இருந்தது, பக்கத்து இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தது. இந்த மாதிரி இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது எர்த். ஸ்பீக்கரில் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் எர்த் லூப்: இரண்டு பொருள்கள் வெவ்வேறு வழியில் எர்த் ஆகி, நடுவில் சிக்னல் வயர் மாட்டிக்கொள்கிறது. ஒரே போர்டில் செருகினால் அந்த வளையம் சுருங்கும். அப்புறமும் உறுமினால் செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் வில்லன் அதுதான். டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் ஒலியை எடுத்தால் தீர்ந்தது. எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஆடியோவுக்கென்று தனியாக ஒரு கம்பியை நட்டு, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவதும் அப்படித்தான்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. தனி லைனில் தேய எதுவும் இல்லை, மாற்ற பேட்டரி இல்லை, சத்தம் போட விசிறி இல்லை. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், எப்போதாவது எர்த்தை அளந்து ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும், அவ்வளவே.

உங்கள் தெருவில் அடிக்கடி 180க்குக் கீழே இறங்கினால் சர்வோ வாங்கத்தான் வேண்டும். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் சாக்கெட்டில் 400 வோல்ட் பக்கம்கூட ஏறலாம். தனி லைன் அதைத் தடுக்காது. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றையும், இடிக்கு எஸ்பிடி (திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) ஒன்றையும் அதே எலெக்ட்ரீசியனை வைத்தே மாட்டிவிடுங்கள்.